வெருகின் காது

காலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டுக் கூடத்தில் நடப்பதைத் தெருவில் போகிறவர் எவரேனும் சன்னல் வழியே பார்த்தால், ஏதோ மாந்திரீகம் என்று எண்ணக்கூடும். நான் சம்மணமிட்டு அமர்ந்திருப்பேன். மடியில் துண்டு சுற்றிய ஒரு கிழட்டுப் பூனை. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை மனைவி அதன் காதில் ஒற்றிக்கொண்டிருப்பாள். பிறகு ஊசி, ஒரு பொட்டு இரத்தம், ஐந்து நொடி மௌனம், ஓர் எண். அந்த எண்ணைச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரின் கட்டத்தில் எழுதிய பிறகே கல்லூரிக்குப் புறப்படுகிறேன்.

"பூனைக்குமா சார் சுகர்?" என்று எங்கள் துறையில் கேட்காதவர் இல்லை. பூனைக்கும்தான்.

தமிழ் படித்தவன் பூனைக்கு வேறென்ன பெயர் வைப்பான்? வெருகு என்று வைத்தேன். தொல்காப்பிய மரபியலில் எலியோடும் அணிலோடும் ஒரே வரிசையில் நின்று 'குட்டி' என்னும் இளமைப் பெயரைப் பெறும் விலங்கு அது. வெருகு காட்டுப்பூனை, எங்களுடையதோ தயிர்ச்சோற்றுக்கும் பொட்டலத் தீனிக்கும் பழகிக் கொழுத்த சோம்பேறி. அம்மா கடைசிவரை அதை 'மணி' என்றே கூப்பிட்டாள். அதுவும் அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்த்தது.

2024 ஆனியில் அதன் போக்கு மாறியது. பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையைக் கம்பர் தம் அவையடக்கத்தில் தமக்கே உவமையாக்கிக்கொண்டார். எங்கள் வெருகு வாளித் தண்ணீரை அந்த ஆசையோடுதான் அணுகியது. இருமடங்கு தின்றது, ஆனால் முதுகெலும்பு துருத்தத் தொடங்கியது. பின்னங்கால்களின் குதி தரையில் படிய, முயல்போல நடந்தது. புழக்கடைச் சிமெண்டுத் தரையில் அது சிறுநீர் கழித்த இடத்தை எறும்பு மொய்ப்பதை ஒருநாள் மனைவி கண்டாள். மதுமேகம் என்று பழைய மருத்துவம் பெயரிட்டது சும்மா இல்லை. மனிதருக்கு இரத்தச் சர்க்கரை 180 அளவைத் தாண்டினாலே சிறுநீரில் இறங்கிவிடும். பூனைக்கு 270, 280 வரை தாங்கும் என்கிறார்கள். ஆகவே எறும்பு வரும்போது நோய் வெகுதூரம் வந்துவிட்டிருக்கிறது.

எங்கள் பக்கத்துக் கால்நடை மருந்தகங்களில் ஆடு, மாடு, கோழிக்கே கூட்டம். பூனையைக் கூடையில் அடைத்து, காரில் ஒன்றரை மணி நேரம் போய், வெளியூர்த் தனியார் மருத்துவர் ஒருவரிடம் காட்டினோம். 412. காலையும் மாலையும் ஒரு யூனிட் இன்சுலின். இரண்டு வாரம் கழித்துப் போனபோது 396. மருந்து இரண்டு யூனிட்டாயிற்று. அதற்கடுத்த முறையும் ஏறத்தாழ அதே எண், மூன்றாயிற்று.

மூன்று யூனிட் போடத் தொடங்கிய மூன்றாம் நாள் மாலை நான் வீடு திரும்பியபோது வெருகு ஆட்டுரலின் அருகில் கிடந்தது. தலை ஆடிக்கொண்டிருந்தது. எழ முயன்று பக்கவாட்டில் சரிந்தது. என்னை அதற்கு அடையாளம் தெரியவில்லை. நான் தொலைபேசியைத் தேடிக்கொண்டிருக்க, மனைவி குளுக்கோஸ் பொடியை விரலால் நீரில் குழைத்து அதன் ஈறில் தேய்த்துவிட்டாள். மாமியாருக்குச் செய்து பழகியவள். அரைமணி கழித்து வெருகு தலையைத் தூக்கி அவள் விரலை நக்கியது.

மருத்துவர் தொலைபேசியில் சொன்னார்: "சார், இங்க வந்தது பயத்துல ஏறுன சுகர் போல. இனி வீட்லயே வச்சுப் பாத்துச் சொல்லுங்க." பூனை அஞ்சினால் அதன் உடல் ஓட்டத்துக்கோ சண்டைக்கோ ஆயத்தமாகி, ஈரலில் சேர்த்து வைத்த சர்க்கரையை இரத்தத்தில் கொட்டுகிறது. நோயற்ற பூனைக்கே அப்போது 300ஐத் தொடக்கூடுமாம். கூடை, கார், பக்கத்து மேசையில் குரைத்த நாய், இவையும் சேர்ந்ததுதான் அந்த 396. முதல் நாளே இதைச் சொல்லியிருக்கலாம் என்று அன்று கோபம் வந்தது. நானும் கேட்டிருக்கலாம்.

அலமாரியில் அம்மாவின் குளுக்கோமீட்டர் இருந்தது. பட்டன் பேட்டரி மாற்றி, புது ஸ்ட்ரிப் வாங்கினேன். சங்கப் புலவர் தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார் எங்கள் ஊர்க்காரர் என்பதில் எங்களுக்கெல்லாம் பெருமை உண்டு. அவருடைய தொழிற்கை எனக்கு வாய்க்கவில்லை. முதல் வாரம் காதுக்குப் பதிலாக என் விரலையே பலமுறை குத்திக்கொண்டேன். காதின் ஓரமாக ஒரு மெல்லிய நரம்பு ஓடுகிறது. அதற்கும் விளிம்புக்கும் இடையில் குத்த வேண்டும். காது சூடாக இருந்தால்தான் இரத்தம் வரும். பின்புறம் கெட்டியாக ஏதாவது வேண்டும். எங்கள் ஊரில் தீப்பெட்டி அட்டைக்கா பஞ்சம்? இலேசாக வாசலைன் தடவினால் இரத்தம் மயிரில் பரவாமல் முத்தாகத் திரளும். ஸ்ட்ரிப்பை அருகில் கொண்டுபோனால் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். பிறகு பஞ்சால் அழுத்தி, வேகவைத்த கோழித்துண்டு ஒன்று. பத்தே நாளில் அந்தத் துண்டுக்காக வெருகு தானே வந்து பாயில் உட்கார்ந்தது.

ஒரு ஞாயிறு முழுவதும், ஓர் ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் இடைப்பட்ட பன்னிரண்டு மணி நேரமும், இரண்டு மணிக்கொரு முறை பார்த்தோம். காலை 290, நண்பகலில் 104, மாலையில் மறுபடி 260. ஒரு யூனிட்டே அதற்குப் போதுமாக இருந்தது. மனிதருக்கான கருவி பூனையின் இரத்தத்தில் உண்மையைவிடச் சற்றுக் குறைத்தே காட்டும். நம் இரத்தத்தில் சிவப்பணுக்களுக்குள்ளும் கணிசமான சர்க்கரை உண்டு. பூனைக்குப் பெரும்பகுதி அணுக்களுக்கு வெளியே, நீர்ப்பகுதியில்தான். அதையும் கணக்கில் கொள்ள வேண்டும். இன்னொன்று, பூனை வளர்ப்போருக்காக: 40 யூனிட் மருந்துக்குச் சிவப்பு மூடிச் சிரிஞ்சு, 100 யூனிட் மருந்துக்கு ஆரஞ்சு மூடி. மாற்றிப் போட்டால் இரண்டரை மடங்கு கூடவோ குறையவோ செய்யும்.

இரண்டாவது வாரத்தில் ஓரிரவு, முந்தைய நாட்களின் எண்களைப் பார்க்கக் கருவியின் நினைவகப் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தேன். கவனமின்றி அழுத்தியபடியே போனதில் வெருகின் எண்கள் முடிந்து 2020 வந்துவிட்டது. 286. 311. 274. 302. எல்லாம் காலை நேரம்.

அம்மா 2021 தையில் இறந்தாள். காலில் வந்த புண் ஆறவேயில்லை. அதற்கு முந்தைய ஆண்டு ஊரடங்கில் மருத்துவமனைக்குப் போக வழியில்லாததால், காலையில் அவளே விரலில் குத்திப் பார்த்துக் காலண்டர் கட்டத்தில் எழுதுவாள். மாதக் கடைசியில் நான் அந்தத் தாளைப் படமெடுத்து அவளுடைய மருத்துவருக்குக் கைபேசியில் அனுப்புவேன். "அம்மா நல்லா வச்சிருக்காங்க" என்று பதில் வரும். இளமையில் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கிக் காய்த்துப்போன விரல்கள் அவளுடையவை. ஊசி எளிதில் இறங்காது. அந்த விரலை நான் ஒருநாளும் பிடித்து ஊசி குத்தியதில்லை.

முதலில் கருவியில் கோளாறு என்றே நினைத்தேன். பரணில் இருந்த பழைய காலண்டர்களை இறக்கினேன். தேதிகள் பொருந்தின. 286 என்று கருவி சொன்ன நாளில் அம்மா 136 என்று எழுதியிருந்தாள். 311க்கு 141. 302க்கு 132. ஒரு கட்டத்திலும் அடித்தல் திருத்தல் இல்லை. எண் கூடுதலாக இருந்த ஆரம்ப நாட்களில் அவள் தட்டைப் பார்த்து நான் ஏதாவது சொல்வதுண்டு, வகுப்பில் பேசுகிற குரலில். பிறகு எண் சீராகிவிட்டது. நானும் சொல்வதை நிறுத்திவிட்டேன். என் கண்டிப்பு பலித்தது என்று கொஞ்சம் பெருமையும் இருந்தது.

மனைவியிடம் இரண்டையும் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "அத்தை கையெழுத்து அழகா இருக்கும்ல" என்றாள். காலண்டர்களை மடித்து மறுபடி பரணில் வைத்துவிட்டோம்.

அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 31. வெடி செய்யும் பூமியில் வெடிச்சத்தத்துக்குத் திருநாள் தேவையில்லை. சாதாரண நாட்களிலும் எங்கோ எதையோ வெடித்துச் சோதித்துக்கொண்டுதான் இருப்பார்கள். ஆயினும் அந்த இரவு வேறு. முதல் நாள் மாலையே கட்டிலுக்கடியில் புகுந்த வெருகை இரவு எட்டு மணிக்குத்தான் இழுக்க முடிந்தது. உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. காது சில்லிட்டிருந்ததால் மூன்று முறை குத்த நேர்ந்தது. 388.

"கூடப் போடணுமாங்க?" என்றாள் மனைவி.

வேண்டாம் என்றேன். கோழியைக் கையிலிருந்து உண்ட பிறகு வழக்கமான ஒரு யூனிட்டையே போட்டேன். மறுநாள் மாலை 205க்கு வந்துவிட்டது.

காலண்டர் கட்டத்தில் 388 என்றே எழுதியிருக்கிறேன். பக்கத்தில், இடமில்லாததால் பொடி எழுத்தில், 'வெடிச்சத்தம்' என்று.