கடலோரம் ஒரு மரம்
(பயணத் தொடர் – 4)

சென்ற இதழில் நெய்வேலிச் சுரங்கத்தின் விளிம்பில் நின்று, மண்ணுக்குள் புதைந்து பழுப்பு நிலக்கரியாகிப்போன பழங்காட்டைப் பார்த்தோம். இம்முறை மிதக்கும் மரத்தைத் தேடி நெய்வேலி ஆர்ச் கேட்டில் பஸ் ஏறினேன். வடலூர், குறிஞ்சிப்பாடி தாண்டிக் கடலூர், அங்கிருந்து தேவனாம்பட்டினம். கார்த்திகைக் கடைசி. வாடைக்காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. வரிசையாகக் கிடந்த ஃபைபர் படகுகளுக்கு நடுவே ஒரே ஒரு கட்டுமரம்.

2004 சுனாமிக்குப் பின் நிவாரணமாக ஃபைபர் படகுகள் வந்து குவிந்தன; கட்டுமரங்கள் அருகிவிட்டன. பெயர் மட்டும் உலகம் சுற்றுகிறது. ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தை எழுதிவைத்தார். பின்னாளில் அந்தச் சொல் பசிபிக் தீவுகளின், இரண்டு உடல்களை இணைத்த இரட்டை ஓடத்தோடு ஒட்டிக்கொண்டது. இன்றைய கேட்டமரான் நம் மரத்திலிருந்து பிறந்தது என்று சொல்வோர் உண்டு. அது சரியல்ல. பெயர் நம்முடையது, இரட்டை உடல் அந்தத் தீவுக்காரர்களுடையது.

அந்த இரட்டை உடல் பந்தயத்துக்கும் வந்தது. 1876இல் நியூயார்க்கில் நடந்த பாய்மரப் பந்தயத்துக்கு அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் நத்தானியேல் ஹெரஷாஃப் தன் 'அமரில்லிஸ்' என்ற இரட்டை ஓடத்தைக் கொண்டுவந்தார். நீளம் கிட்டத்தட்ட 25 அடி. பெரிய படகுகளையெல்லாம் பின்னுக்குத் தள்ளியது. தோற்றவர்கள் முறையிட, பரிசு பறிபோனது. நூறு ஆண்டு கழித்து, 1976 ஒலிம்பிக்கில் 'டொர்னாடோ' என்ற இரட்டை ஓடத்துக்குத் தனிப் பந்தயமே வைத்தார்கள்.

ஆனால் தேவனாம்பட்டினத்தில் நின்றபோது நினைவுக்கு வந்தது 'ஹோபி 16' என்ற சிறு இரட்டை ஓடம். கலிஃபோர்னியாவில் அலைச்சறுக்குப் பலகை செய்துவந்த ஹோபி ஆல்டர் உருவாக்கியது. துறைமுகம் வேண்டாம், மணலிலிருந்து தள்ளி, உடையும் அலையைத் தாண்டிக் கடலுக்குள் போகலாம். நம் மரத்துக்கும் இதுதானே வேலை!

காற்று முற்றிய நாளில் இந்தச் சிறு ஓடத்தை ஓட்டுவது தனிக் கலை. ஒற்றை உடல் படகு சாய்ந்து கொடுத்துக் காற்றைக் கழித்துவிடும். அகன்ற இரட்டை ஓடம் எளிதில் சாயாது; வாங்கிய காற்றையெல்லாம் வேகமாக்கும். வீச்சு கூடும்போது காற்றுப் பக்க உடல் தண்ணீரை விட்டு எழும்பும். அதை அமுக்க, ஓட்டுகிற இருவரும் பாய்மரத்திலிருந்து தொங்கும் கம்பியில் இடுப்பை மாட்டி, விளிம்பில் கால் ஊன்றி, கடலுக்கு மேல் உடலைச் சாய்ப்பார்கள்.

பெரிய ஆபத்து, பின்காற்றில் வருகிறது. ஓடம் அலையின் முதுகிலிருந்து சரிந்து இறங்கும். முன்னால் போகும் அலையில் அதன் மூக்கு குத்தும். அந்த நொடியே முன்பக்கம் நின்றுவிட, பின்பக்கம் தலைக்கு மேலே எழும். ஆட்கள் தூக்கி எறியப்படுவார்கள். முன்கூட்டியே பின்னால் நகர்ந்து, முன்பாயின் கயிற்றைத் தளர்த்துபவர்கள் தப்பிப்பார்கள். எதிர்க்காற்றில் வேறு தொல்லை: எடை குறைந்த ஓடம் திரும்பும்போது வேகம் இழந்து, காற்றுக்கு நேரே நின்று பின்னோக்கி நகரத் தொடங்கும். சீறும் கடலில் முந்துவதைவிடக் கவிழாமல் முடிப்பதே பெரிய காரியம்.

கட்டுமரத்தின் அருகே உட்கார்ந்திருந்த பெரியவரிடம், "நீங்களும் போட்டி போட்டதுண்டா ஐயா?" என்று கேட்டேன்.

"தெனமும் போட்டிதான் தம்பி. பாய் ஏத்திக்கிட்டு வருவோம். முந்திக் கரையேறுறவன் மீனுக்குத்தான் வெலை."

"பின்னாலிருந்து அலை தள்ளினால்?"

"முன்னாடி குந்தினா மரம் மூக்கக் குத்தும். பின்னாடி போயிடணும். தாமானை எளக்கி வுடணும்."

பாயின் கீழ்முனைக் கயிறுதான் தாமான். ஹோபி ஓட்டுபவர்களுக்குச் சொல்லித்தரும் அதே பாடத்தை அவர் தன் தகப்பனாரிடம் கற்றிருக்கிறார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"கவிழ்ந்துவிட்டால்?"

"மரத்தை வுடக் கூடாது. அது முழுகாது."

பேசிக்கொண்டே அவர் கட்டுகளை அவிழ்க்கத் தொடங்கினார். மரம் தண்ணீர் குடித்துக் கனத்துவிட்டதாம். பிரித்துக் காயப்போட வேண்டும். ஒரு முனையை நான் பிடித்தேன். இன்னொருவரும் கைகொடுக்க, மூன்று பேர் சேர்ந்துதான் ஒரு மரத்தை நகர்த்த முடிந்தது. நெய்வேலிக்கு நான் பிடிக்க நினைத்திருந்த பஸ் அதற்குள் போய்விட்டது.

(பயணம் தொடரும்)