கற்கள் கூறும் சாட்சியம்

மதுரையைச் சுற்றிலும் குன்றுகளுக்குக் குறைவில்லை. மேலூர்ச் சாலையில் செல்வோர் கண்ணில் முதலில் படுவது யானைமலை. கால்மடக்கிப் படுத்திருக்கும் களிறு போன்ற அப்பாறையைப் பேருந்தின் சன்னல் வழியே எத்தனையோ முறை கண்டிருக்கிறோம். ஆயினும் அதனை உற்று நோக்கியது, புகைப்படக் கருவி ஒன்று எம் கைக்கு வந்த பின்னரே. அன்று முதல், ஓய்வு கிடைக்கும் சனிக்கிழமைகளில் பங்கின் இளைஞர் சிலருடன் குன்றுகளையும் குகைகளையும் கல்மண்டபங்களையும் தேடிச் செல்வது எம் வழக்கமாயிற்று.

இப்பணியில் எமக்கு முன்னோடி ஒருவர் உண்டு. லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி, சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1858-இல் மதுரையைப் படமெடுத்தார். மெழுகேற்றிய காகிதத்தில் ஒளியைப் பதிய வைத்த காலம் அது. மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், தெப்பக்குளம், யானைமலை ஆகியவை அவர் படங்களில் நிலைபெற்றன. அதே ஆண்டில், தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாக எடுத்து ஒட்டி, 19 அடிக்கு மேற்பட்ட நீளமுள்ள ஒரே படமாக்கினார். அடுத்த ஆண்டு ஆளுநராக வந்த டிரெவெல்யன், இஃது ஆடம்பரம் எனக் கருதி அப்பணியை நிறுத்திவிட்டார். ஆடம்பரமா? நாயக்கர் மகால் செப்பனிடப்படுமுன் எவ்விதம் சிதைந்து கிடந்தது என்பதை இன்று நாம் அறிவது அப்படங்களால் அன்றோ!

எமது முதல் முயற்சி தோல்வியில் முடிந்தது. மாங்குளத்தை அடுத்த மீனாட்சிபுரத்துக் குன்றில், சமண முனிவர் தங்கிய குகைகளில் தமிழி எழுத்துகள் உள்ளன. உச்சிவேளையில் ஏறினோம், வியர்வை வழிய, கருவியின் மின்னொளியைப் பாய்ச்சிப் படமெடுத்தோம். இல்லம் திரும்பிப் பார்த்தால் வெறும் பாறை! ஓரெழுத்தும் தெரியவில்லை. மறுமுறை சென்றபோது அடிவாரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் சிரித்தார். “பொழுது சாயயில பாருங்க சாமி, அப்பத்தான் எழுத்து எந்திரிக்கும்” என்றார்.

அவர் கூறியதே உண்மை. நேரே விழும் ஒளி கல்லைத் தட்டையாக்கிவிடும். சாய்ந்து விழும் ஒளியோ ஒவ்வொரு கீறலிலும் நிழலை நிரப்பும். மாலை வரை காத்திருந்து, போதாக்குறைக்குக் கைவிளக்கையும் பக்கவாட்டில் பிடித்தோம். எழுத்துகள் ஒவ்வொன்றாய் எழுந்து நின்றன.

இவ்வெழுத்துகளை 1882-இல் கண்டு அறிவித்தவர் ராபர்ட் சீவெல். இவற்றில் நெடுஞ்செழியன் என்னும் பாண்டியனின் பெயர் உள்ளதை 1960-களில் எடுத்துக்காட்டியவர் ஐராவதம் மகாதேவன். அம்மன்னனின் பணியாளன் கடலன் வழுதி, நந்தன் என்னும் துறவிக்கு இவ்வுறைவிடத்தை அமைத்துக் கொடுத்தான் என்பதே செய்தி. காலம் கி.மு. 2-ஆம் நூற்றாண்டு என்பர். நம் ஆண்டவர் பிறப்பதற்கு முன்னரே, நம் மண்ணில் ஒருவன் ஒரு துறவிக்குப் படுக்க இடம் கொடுத்துவிட்டு, அதனைத் தமிழில் எழுதியும் வைத்தான்!

மதுரைக் குன்றுகளின் கற்படுக்கைகள் சிலவற்றில் தலைப்பக்கத்தை உயர்த்தித் தலையணையும் கல்லிலேயே செதுக்கியுள்ளனர். அவற்றைக் காணும்போது, பெத்தேலில் கல்லைத் தலைக்கு வைத்துறங்கிய யாக்கோபை நினையாதிருக்க முடியவில்லை. மறை வேறாயினும், இறைவனைத் தேடி வசதியைத் துறந்தவர் படுத்த இடம் நம் வணக்கத்துக்குரியது.

கீழவளவுப் பக்கம் சென்றபோது வேறொரு காட்சி கண்டோம். குன்று இருந்த இடத்தில் செங்குத்தாக அறுபட்ட சுவர்கள். கீழே நீர் தேங்கிய ஆழ்பள்ளங்கள். கிரானைட் முறைகேடுகளைப் பற்றி 2012-இல் மாவட்ட ஆட்சியர் உ. சகாயம் அரசுக்கு அறிக்கை அனுப்பியதும், 2014-இல் உயர் நீதிமன்றம் அவரையே விசாரணைக்கு நியமித்ததும் வாசகர் அறிந்தவையே. அவ்வறுபட்ட சுவரையும் படமெடுத்தோம்.

ஒரு ஞாயிறு திருப்பலிக்குப் பின், படங்களைப் பங்கு இல்லத் திண்ணையில் பரப்பி வைத்திருந்தோம். முன்பு குவாரியில் வேலை செய்த பங்குமகன் ஒருவர் அந்தப் படத்தைக் கையில் எடுத்தார். சுவரில் வரிசையாகத் தெரிந்த துளைகளைத் தொட்டுக் காட்டி, “இந்த மாதிரி துளை எங்க கை போட்டதுதான் சாமி. அதுலதான் பிள்ளைகளைப் படிக்க வச்சேன்” என்றார். சற்றுப் பொறுத்து, “நம்ம பீடமும் இந்தக் கல்லுதானே?” என்றார்.

எமக்கு மறுமொழி தோன்றவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், பீடத்துக்குப் பளபளக்கும் கல்லைத் தேர்ந்தெடுத்தவர் நாமே. அது எந்தக் குன்றிலிருந்து வந்தது என்று அன்று நாம் கேட்கவில்லை. படமெடுத்துப் பிறரைக் குற்றம் சாட்டுவது எளிது. அப்படத்தில் நமது நிழலும் விழுந்திருப்பதைக் காண்பதே அரிது.

அடுத்த பயணத்துக்கு அவரையும் அழைத்துச் சென்றோம். கற்படுக்கையின் மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தடவினார். “மெஷின் இல்லாம, அவசரமும் படாம செஞ்சிருக்கான் சாமி” என்றார். எம்மிடமுள்ள படங்களில் எமக்கு மிகவும் உகந்தது, அக்கல்லின் மேல் அவர் கை இருக்கும் படமே.

நல்ல செய்திகளும் இல்லாமலில்லை. யானைமலையைச் சிற்ப நகராக்கும் திட்டம் 2010-இல் எழுந்தபோது சுற்றுவட்டார மக்கள் எதிர்த்தனர், மலை பிழைத்தது. 2022-இல் அரிட்டாபட்டி பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அப்பகுதியை உட்படுத்திய டங்ஸ்டன் சுரங்க ஏலம், மக்கள் போராட்டத்துக்குப்பின் 2025 சனவரியில் ரத்தாயிற்று.

குடும்பத்துடன் இக்குன்றுகளுக்குச் செல்ல விழைவோர்க்கு ஒரு சொல். காலையிலோ மாலையிலோ செல்லுங்கள். எழுத்துகளின்மேல் சுண்ணக்கட்டி பூசாதீர்கள், பெயரைக் கிறுக்காதீர்கள். அளவு தெரிய அருகே ஓர் அளவுகோலை வைத்துப் படமெடுத்து, நாளையும் இடத்தையும் குறித்து வையுங்கள். ஊர்ப் பெரியவரிடம் வழி கேளுங்கள். வழியோடு வரலாறும் கிடைக்கும்.

யோர்தானைக் கடந்த யோசுவா பன்னிரு கற்களை எடுத்து நாட்டச் செய்தார். இவை என்ன கற்கள் என்று பிற்காலத்தில் பிள்ளைகள் கேட்கும்போது, தந்தையர் விடை கூறவேண்டும் என்பதே நோக்கம். நம் பிள்ளைகளும் கேட்பார்கள்: குகையிலுள்ள கல்லைப் பற்றியும் கேட்பார்கள், பீடத்திலுள்ள கல்லைப் பற்றியும் கேட்பார்கள். இரண்டுக்கும் கூசாமல் விடை கூறும் மனத்தை ஆண்டவர் நமக்குத் தந்தருள்வாராக.