கொரிய சி.இ.ஓ-வின் மீன் தத்துவமும் என் ஆயாவின் கருவாட்டுக் கூடையும்!

"யுன் ஜோங்-யோங்னு ஒரு கொரியாக்காரர். சாம்சங் எலெக்ட்ரானிக்ஸ் சி.இ.ஓ-வா இருந்தவர். அவரைப் பத்தி ஒரு வெற்றிக் கதை எழுதிக் கொடும்மா. திங்கட்கிழமை காலையில போட்டுடலாம்" என்றார் டெஸ்க்கில் என் சீனியர். அப்போது வெள்ளிக்கிழமை சாயங்காலம். அந்தப் பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்கவே எனக்கு இரண்டு நிமிடம் ஆனது.

சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி லோக்கலைப் பிடித்தேன். எங்கள் வீடு பொன்னேரியில். அந்த நேரத்து ரயிலில் பாதிப்பேர் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும். சிப்காட்டில் நைட் ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்கள். மீஞ்சூர் வரை உட்கார இடம் கிடைக்காது. நின்றுகொண்டே போனில் அந்தக் கொரியாக்காரரைப் படிக்க ஆரம்பித்தேன்.

1944-ல் பிறந்தவர். சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் எலெக்ட்ரிகல் இன்ஜினீயரிங் படித்துவிட்டு, 1966-ல் சாம்சங் குழுமத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். சாம்சங் எலெக்ட்ரானிக்ஸ் என்ற கம்பெனியே 1969-ல்தான் தொடங்கப்பட்டது. அதாவது, அந்தக் கம்பெனி பிறப்பதற்கு முன்பே உள்ளே வந்துவிட்ட ஆள். 30 வருடங்கள் படிப்படியாக ஏறி, 1990-களின் பிற்பகுதியில் அதன் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். 2008 வரை அதில் இருந்தார்.

அவர் வந்த நேரம் நல்ல நேரம் இல்லை. 1997-ல் ஆசிய நாடுகளை நிதி நெருக்கடி புரட்டிப்போட்டது. கொரியா, ஐ.எம்.எஃப்-பிடம் கடனுக்குக் கையேந்தி நின்றது. யுன் லாபம் தராத தொழில்களை விற்றார். ஊழியர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரை வீட்டுக்கு அனுப்பினார். கம்பெனி பிழைத்தது. 2005-ல் இன்டர்பிராண்ட் வெளியிட்ட பட்டியலில், சோனியைவிட சாம்சங்கின் பிராண்ட் மதிப்பு அதிகமாக இருந்தது. 2010-ல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ உலகின் சிறந்த சி.இ.ஓ-க்களைப் பட்டியலிட்டபோது, ஸ்டீவ் ஜாப்ஸுக்கு முதல் இடம். இரண்டாவது இடம் யார் என்று நினைக்கிறீர்கள்? நம் யுன்தான்!

'சரி, கதை கிடைத்துவிட்டது' என்று நினைத்தபோதுதான் அவருடைய 'சஷிமி தத்துவம்' கண்ணில் பட்டது.

சஷிமி என்பது பச்சை மீனை மெல்லிய துண்டுகளாக வெட்டிச் சாப்பிடும் ஜப்பானிய உணவு. பிடித்த அன்றே விற்றால் பெரிய ஹோட்டலில் பெரிய விலை. மறுநாள் பாதி விலை. அதற்கடுத்த நாள் இன்னும் பாதி. கடைசியில் கருவாடு. எலெக்ட்ரானிக்ஸ் பொருள்களும் அப்படித்தான் என்கிறார் யுன். புது மாடலை முதலில் சந்தைக்குக் கொண்டுவருகிறவருக்கு நல்ல விலை. நாலு மாதம் கழித்து வருகிறவருக்கு மிச்சம்மீதி. குடோனில் கிடக்கும் போன், ஐஸ் இல்லாத மீன்.

இதற்கு அவர் ஒரு காரணமும் சொல்கிறார். அனலாக் காலத்தில் அனுபவம்தான் மூலதனம். ஜப்பானியர்கள் பல பத்தாண்டுகளாகச் சேர்த்துவைத்த கைத்திறனைப் பின்னால் வந்த கொரியர்கள் எட்டிப்பிடிக்க முடியாது. டிஜிட்டல் வந்ததும் எல்லோரும் ஒரே கோட்டில் நிற்கிறார்கள். இனி வேகமாக முடிவெடுக்கிறவருக்குத்தான் ஜெயம். அதனால் கம்பெனி நன்றாக ஓடும்போதும் 'நெருக்கடி வந்துவிட்டது' என்ற பயம் எல்லோருக்கும் இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

எனக்குச் சிரிப்பு வந்தது. காரணம், என் ஆயா மீன் வியாபாரி.

வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக, "ஆயா, கொரியாவுல ஒரு பெரிய கம்பெனி முதலாளி, செல்போனும் மீனும் ஒண்ணுன்னு சொல்லியிருக்காரு" என்றேன்.

"செல்போனை இன்னா கொழம்பா வெக்கப்போறான்?"

விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இத்தைச் சொல்றதுக்கு அவனுக்கு எவ்ளோ சம்பளம்?" என்றார்.

ஆயா 40 வருடங்களாக விடியற்காலை பஸ்ஸில் பழவேற்காடு போய், ஏலத்தில் கூடை எடுத்து, பொன்னேரி மார்க்கெட்டில் உட்காருபவர். ஏழு மணிக்கு இறாலுக்கும் நண்டுக்கும் அவர் சொன்னதுதான் விலை. பத்து மணிக்குப் பேரம் பேசலாம். பன்னிரண்டு மணிக்குக் கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுவார். ஹார்வர்டு போகாமலே சஷிமி தத்துவம் தெரிந்தவர்.

ஆனால், ஒரே ஓர் இடத்தில் அவருக்கு உடன்பாடில்லை. "கருவாட்டை ஏன் கேவலமா சொல்றான்? மிஞ்சுன மீனைத் தூக்கியா போடுவேன்? கீறி, உப்பு போட்டு, ராவெல்லாம் ஊறவெச்சு, மாடியில காயவெச்சா அப்புறம் இன்னாடி அவசரம்? மழைக்காலத்துல போட் கடலுக்குப் போகாதப்போ இந்த வீட்டுல சோறு பொங்குனதே கருவாட்டுலதான்."

நான் பதில் சொல்லவில்லை. ஆயாவுக்குச் சொல்ல மறந்த ஒரு தகவல் மறுநாள்தான் ஞாபகம் வந்தது. 1938-ல் லீ பியுங்-சுல் தேகு நகரத்தில் சாம்சங்கைத் தொடங்கியபோது, அது ஒரு சின்ன வணிகக் கடை. மஞ்சூரியாவுக்கு அனுப்பிய சரக்குகளில் காய்கறி, பழங்களோடு கருவாடும் இருந்தது!

அன்று இரவு பதினொன்றரைக்கு அண்ணன் செகண்ட் ஷிஃப்ட் முடித்து வந்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், வீட்டு உபயோகப் பொருள்களுக்குப் பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் மோல்டிங் மெஷின் ஆபரேட்டர். கான்ட்ராக்ட் வேலை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவனிடம் அதே கதையைச் சொன்னேன்.

அவன் சிரிக்கவில்லை. "மாடல் மாறும்போது மோல்டு மாத்துவாங்க. ட்ரையல் ஓட்டுறதுக்கு பர்மனென்ட் ஆளுங்க போதும். எங்களுக்கு வாட்ஸ்அப்ல மெசேஜ் வரும், 'நாளைக்கு வர வேண்டாம், கூப்பிடுறோம்'னு. போன தடவை 19 நாள்" என்றான்.

அந்த 19 நாள்கள் எனக்கும் தெரியும். பைக் இ.எம்.ஐ-க்காக அம்மா கம்மலை அடகு வைத்த நாள்கள். எனக்குத் தெரியாதது, அதற்குப் பிறகு நடந்தது. இருபதாவது நாள் அவன் வேறு கான்ட்ராக்டர் பெயரில் 'புது ஆளாக' சேர்ந்திருக்கிறான். அதே மெஷின், அதே சூப்பர்வைஸர். ஆனால், சர்வீஸ் பூஜ்யத்திலிருந்து. நாலு வருடமாக வேலை பார்க்கும் அண்ணனுக்கு, காகிதத்தில் இப்போது வயது ஏழு மாதம்.

"உங்க கொரியாக்காரர் சொன்னது சரிதான். சீக்கிரம் மாத்தலைன்னா ஆர்டர் வேற கம்பெனிக்குப் போயிடும். அது எனக்கும் புரியுது. மாத்துற அந்த 19 நாளுக்கு யார் காசு குடுக்குறதுன்னுதான் புரியல" என்றான்.

சஷிமி தத்துவத்தைப் பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையிலும் இந்தக் கேள்வி இல்லை. வேகத்துக்கு ஒரு செலவு உண்டு. 1997 நெருக்கடிக்குப் பிறகு வீட்டுக்குப் போன கொரியர்கள் அதைக் கொடுத்தார்கள். சாம்சங் குழுமம் பல பத்தாண்டுகள் தொழிற்சங்கமே கூடாது என்ற கொள்கையோடு இருந்தது. 2020 மே மாதம்தான், நிறுவனரின் பேரன் லீ ஜே-யோங், அதற்காகப் பொதுமக்களிடம் வருத்தம் தெரிவித்தார். 2024 செப்டம்பர் 9-ல் நம் பக்கத்து மாவட்டமான காஞ்சிபுரத்தில், ஸ்ரீபெரும்புதூர் அருகே சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 37 நாள்கள் நடந்த அந்தப் போராட்டத்தின் முக்கியக் கோரிக்கை சங்கத்துக்கு அங்கீகாரம். அந்தச் செய்தியை டெஸ்க்கிலிருந்து அப்டேட் செய்தவர்களில் நானும் ஒருத்தி. அப்போது எனக்கு அது எண்களாக மட்டும்தான் தெரிந்தது.

யுன்னை நான் வில்லனாக்கவில்லை. மூழ்கும் கப்பலை மீட்டவர், 40 வருடங்கள் ஒரே குழுமத்தில் உழைத்தவர். வேகம் முக்கியம் என்று அவர் சொன்னது ஆயாவின் கூடைக்கும் பொருந்துகிறது. ஆனால், ஆயாவுக்கு மிஞ்சிய மீனுக்கு உப்பு இருக்கிறது. மாடல் மாறும்போது மிஞ்சிவிடும் மனிதர்களுக்கு என்ன இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் ஒரு பழைய நோட்டை எடுத்துவந்து நீட்டினான். எந்த மோல்டுக்கு எவ்வளவு சூடு, எவ்வளவு பிரஷர், எந்தத் தவறு ஏன் வருகிறது என்று நாலு வருடமாக எழுதிவைத்திருக்கிறான். யாரும் எழுதச் சொல்லவில்லை. கிண்டியில் 1968-லிருந்து இருக்கும் மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனமான சிப்பெட்டில் ஏதாவது கோர்ஸ் சேர முடியுமா என்று கேட்டான். "சர்வீஸை அழிக்கலாம், சர்டிஃபிகேட்டை அழிக்க முடியாதுல்ல?"

"இத்தான்டா உப்பு" என்றார் ஆயா, மாடிப்படியில் நெத்திலியை உலர்த்திக்கொண்டே.

கட்டுரையைத் திங்கட்கிழமை காலையில் கொடுக்க முடியவில்லை. புதன்கிழமைதான் அனுப்பினேன். சீனியர் கேட்ட வெற்றிக் கதை இது இல்லை என்று தெரியும். படித்துவிட்டு, "லேட்டாயிடுச்சு, பரவாயில்ல. உங்க அண்ணன் அப்ளிகேஷன் போட்டாச்சா?" என்று கேட்டார்.

இன்று ராத்திரி அண்ணன் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் போடப்போகிறோம்.