மீசைக்கார வண்டு

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் போனால், கம்பெனி வாசல்களில் அடுக்கியிருக்கும் மரப் பேலட்டுகளை ஒரு தடவை உற்றுப் பாருங்கள். ஏற்றுமதிக்குப் போகிற பேலட் என்றால், பக்கவாட்டில் கோதுமைக் கதிர் மாதிரி ஒரு முத்திரையும், அநேகமாக ‘எச்.டி.’ என்ற எழுத்தும் இருக்கும். கட்டையின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிஷம் வைத்து எடுத்தது என்று அர்த்தம். உள்ளே புழு இருந்தால் வெந்துவிடும்.

எல்லாம் நீள மீசை வண்டு போன்ற மரப்பூச்சிகளுக்குப் பயந்துதான். 1996-ல் நியூயார்க் புரூக்ளினில் மேப்பிள் மரங்களில் ஓட்டை ஓட்டையாக இருந்தது. பார்த்தால், சீனாவிலிருந்து சரக்குப் பெட்டிக் கட்டைக்குள் ஓசிப் பயணம் வந்த வண்டு! சிகாகோவில் 1998-ல் தென்பட்டதை, மரங்களை வெட்டித் தூளாக்கி, 2008-ல்தான் ஒழித்ததாக அறிவித்தார்கள். நடுவே 2002-ல் வந்த சர்வதேச விதிதான் இந்த முத்திரை.

அதன் சொந்தக்காரர்கள் நம்மூரிலேயே இருக்கிறார்கள். சிப்காட்டுக்கு மேற்கே, ஊத்துக்கோட்டை, திருவள்ளூர் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்களைக் கேளுங்கள், ‘தண்டு துளைப்பான்’ என்பார்கள். ரெண்டு அங்குல வண்டு, கழுத்துப் பக்கம் ரெண்டு ஆரஞ்சுப் புள்ளி, உடம்பைவிட நீளமான மீசை. ஆள் அழகன்தான். வில்லன் அவன் பிள்ளை! பட்டையைக் கீறி வைத்த முட்டையிலிருந்து வரும் புழு, மாசக்கணக்கில் கட்டையைக் குடைந்து தின்று, விரல் நீளத்துக்கு வளர்கிறது. வெளியே தெரிவது கொஞ்சம் மரத்தூள், அப்புறம் வாடிப்போன ஒரு கிளை.

பண்ருட்டி முந்திரியில் இருப்பது வேறு ஜாதி. அது அடிமரத்திலும் வேரிலும் பட்டைக்குக் கீழே சுற்றிச் சுற்றித் தின்னும். இலை மஞ்சளாகி நமக்குத் தெரியும்போது, பெரும்பாலும் மரம் கைவிட்டுப் போயிருக்கும். என்னைக் கேட்டால் இதுதான் பொல்லாதது. மாமர வண்டு கொஞ்சமாவது அவகாசம் தருகிறது. ஏற்காட்டுக் காப்பியில் இன்னொன்று, அரபிக்காதான் அதற்கு இஷ்டம், ரொபஸ்டாவை அவ்வளவாகச் சீண்டாது. வெயில் விழும் செடியாகப் பார்த்து முட்டையிடும் என்பதால், நிழல் மரம் வைப்பதே பாதி வைத்தியம்.

வீட்டில் ஒரே ஒரு மாமரம் இருந்தாலும் அடிமரத்தை அப்பப்போ குனிந்து பாருங்கள். புதுசாக ஈரத்தூள் கொட்டியிருந்தால் புழு உள்ளே உயிரோடு இருக்கிறது. கம்பி நுனியை வளைத்துத் துளைக்குள் விட்டு இழுக்க வேண்டும். எட்டவில்லையென்றால் மருந்தில் நனைத்த பஞ்சை அடைத்து, மேலே களிமண் பூசலாம். மருந்து எது, எவ்வளவு என்று வேளாண் அலுவலரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பட்டுப்போன மரத்தை வெட்டி, விறகுக்கு ஆகுமே என்று தோப்பிலேயே அடுக்காதீர்கள். அந்தக் கட்டையை 56 டிகிரியில் யாரும் வேக வைக்கவில்லை.