பனிக்கடலின் மேலாடை

ஆள் பாதி ஆடை பாதி என்னும் பழமொழியைத் தமிழர் பெரும்பாலும் கலியாண வீட்டையும் நேர்முகப் பரீட்சையையும் மனத்திற்கொண்டே கூறிவருகின்றனர். உடுத்தியிருப்பதைக் கொண்டு ஒருவனை மதிக்கும் உலகின் மீதான மெல்லிய ஏளனமும் அதனுள் அடங்கியுள்ளது. ஆனால் 1968ஆம் ஆண்டு பெப்ரவரி 4ஆந் திகதி, ஐஸ்லாந்தின் வடமேற்கே மலைகளுக்கிடையிற் புகுந்து கிடக்கும் குடாவொன்றில் அப்பழமொழி எவ்வித ஏளனமுமின்றிச் சொல்லுக்குச் சொல் மெய்யாயிற்று.

இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்திலிருந்து சென்ற 'றொஸ் கிளீவ்லண்ட்' என்னும் இழுவைமடிக் கப்பல், புயலுக்கு ஒதுங்கி அக்குடாவினுள் நின்றது. காற்றிற் பறந்த கடற்றிவலை கயிற்றிலும் மரத்திலும் கைப்பிடியிலும் பட்ட கணத்திலேயே உறைந்தது. வெட்டி எறிய எறியப் பனிக்கட்டி வளர்ந்தது. மேற்பாரம் மிகுந்த கப்பல் ஒருபுறம் சரிந்தது, பின்னர் நிமிரவில்லை. காற்றூதிய மிதவையொன்றில் மூவர் மட்டும் தப்பினர். தொழில் பழக வந்த இளைஞன் ஒருவன். தளத்து வேலைகளை மேற்பார்வை செய்பவர் ஒருவர். கப்பலின் துணைத்தலைவரான ஹரி எடம் மற்றவர். முன்னைய இருவரும் உடுக்க நேரமின்றி மெல்லிய உடையுடன் வெளிப்பட்டோர். எடமோ மேற்றளத்திற் பனியகற்றும் வேலையில் நின்றவராதலின், நீர்புகா மேலாடையை முழுமையாக அணிந்திருந்தார். கரை காணுமுன் இருவரும் மிதவையிலேயே குளிரால் இறந்தனர். எடம் பிழைத்தார். அவரது உடல்வலிமையையும் மனத்திண்மையையும் எவரும் மறுப்பதற்கில்லை. ஆயினும் ஒரே மிதவையில், ஒரே அலையில், ஒரே காற்றில் இருந்த மூவரைப் பிரித்தது அவர்கள் உடுத்தியிருந்ததே எனின் மிகையாகாது.

வெப்பக் கடலின் கரையிற் பிறந்தவனுக்கு இது எளிதில் விளங்கும் செய்தியன்று. குளிர் காற்றிலிருந்து வருவதென்றே அவன் எண்ணுவான். உண்மையில் வடகடல் மீனவனின் முதற்பகை காற்றன்று, ஈரமே. அசையாத காற்றைக் காட்டிலும் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக நீர் உடலின் சூட்டைக் கவர்ந்து செல்கிறது. அந்நீரும் இரு வழியால் வருகின்றது. அலையும் மழையும் வெளியிலிருந்து நனைக்கின்றன. வலை இழுக்கும்போது பெருகும் வியர்வை உள்ளிருந்து நனைக்கின்றது. அக்காலத்து ஹல் கப்பல்களில், வலை ஏறியதும் திறந்த தளத்தில் முழங்காலளவு மீனுக்குள் நின்று, மணிக்கணக்கில் அவற்றின் குடல் நீக்க வேண்டும். இழுக்கும்போது வியர்த்தவன் நிற்கும்போது விறைத்துப் போவான். எனவே வெளிநீரை உள்ளே விடாததும், உள்நீரை உடலிற் படியவிடாததுமான உடை வேண்டும். ஒரே துணி இவ்விரண்டையும் செய்வது அரிது. ஆகவேதான் அடுக்கடுக்காக உடுக்கும் வழக்கம் உண்டாயிற்று.

உள்ளடுக்குக்குப் பருத்தி உதவாது. நனைந்த பருத்தி தோலோடு ஒட்டிக்கொண்டு சூட்டை உறிஞ்சும். ஆட்டு மயிரோ தன் எடையில் மூன்றிலொரு பங்களவு ஈரத்தைத் தன்னுள் வாங்கியும் நனைந்ததாக உணர்த்தாது. இங்கிலாந்தின் கிழக்குக் கரைப் பெண்கள் ஐந்து ஊசிகள் கொண்டு பொருத்தின்றி, காற்றும் நுழைய அஞ்சுமளவு நெருக்கமாகப் பின்னிய கம்பளிச் சட்டைகள் இதற்கென்றே அமைந்தவை. அவற்றின் கை மணிக்கட்டுக்குச் சற்று மேலே நின்றுவிடும். நனைந்த விளிம்பு தோலை உராய்ந்து புண்ணாக்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். கை தேய்ந்தால் அப்பகுதியை மட்டும் அவிழ்த்து மீண்டும் பின்னலாம். இச்சட்டைகளின் கோலத்தைக் கொண்டே மூழ்கி இறந்தவனின் ஊரை அறிந்தனர் என்றொரு கதை பரவலாக வழங்குகின்றது. நாடகம் பயின்ற மாணவர் இதற்கு ஜே. எம். சிங் எழுதி 1904இல் அரங்கேறிய 'றைடர்ஸ் ரு த சீ' நாடகத்தைச் சான்று காட்டுவதுண்டு. ஆனால் அந்நாடகத்திற் சகோதரி அடையாளம் காண்பது சட்டையின் கோலத்தையன்று. தான் பின்னிய காலுறையின் தையல் எண்ணிக்கையையே. ஊர்க் கோலத்தைவிடத் தன் கைப்பிழையை ஒருத்தி நினைவில் வைத்திருப்பது நம்பத்தக்கது, நெஞ்சைத் தொடுவதுமாகும்.

மேலடுக்கின் வரலாறோ எண்ணெயின் வரலாறு எனலாம். ஐஸ்லாந்தின் பழைய மீனவர் ஆட்டுத்தோலால் காற்சட்டையும் மேற்சட்டையும் தைத்து, மீனின் ஈரலெண்ணெயைப் பூசி நீர்புகாமற் செய்தனர். அதன் வாடையைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. பின்னர் துணியிலே ஆளிவிதை எண்ணெயைப் பல முறை பூசி உலர்த்தும் முறை பரவியது. நோர்வேயைச் சேர்ந்த ஹெலி ஜுவெல் ஹான்சன் என்ற கப்பற்றலைவர் கடல்வாழ்க்கையை விட்டு, 1877இல் மொஸ் நகரில் இத்தகைய உடைகளைச் செய்யத் தொடங்கினார். மஞ்சள் நிறமான அவ்வுடை நீரைத் தடுத்ததாயினும் வெயிலில் ஒட்டியது. குளிரில் மரப்பலகை போல் விறைத்தது. இரண்டாம் உலகப் போரின் பின் பிளாத்திக்குப் பூசிய துணி அதன் இடத்தைப் பிடித்தது. 1970களிலே, வியர்வையாவியை வெளிவிட்டு மழையைத் தடுக்கும் கோர்-ரெக்ஸ் போன்ற துணிகளும் சந்தைக்கு வந்தன. மலையேறுவோர் அவற்றைக் கொண்டாடினர். மீன்தளத்திலோ எண்ணெயும் செதிலும் நுண்துளைகளை அடைத்துவிடுமாதலின், கடல்நீரை ஊற்றிக் கழுவிவிடக்கூடிய தடித்த பிளாத்திக்கு மேலாடையையே மீனவர் பலர் இன்றும் விரும்புகின்றனர். புதியது எல்லா இடத்திலும் சிறந்ததன்று.

தொப்பியின் பின்விளிம்பு முன்விளிம்பிலும் நீண்டிருப்பது நீர் கழுத்தினுள் இறங்காமைக்காகும். காற்சட்டை றப்பர்ச் சப்பாத்தின் மேலாக விழவேண்டும். உள்ளே செருகினால் சப்பாத்து வாளியாகிவிடும். சப்பாத்தும் ஓரளவு பெரிதாகவே இருத்தல் நன்று: தடித்த காலுறைக்கு இடம் வேண்டும், கடலில் விழுந்தால் உதறிக் கழற்றவும் வேண்டும்.

எனினும் இவை அனைத்திலும் வியப்பூட்டுவது ஐஸ்லாந்தின் பழைய கையுறையே. அதற்குப் பெருவிரல் இரண்டு. துடுப்பும் தூண்டிற்கயிறும் உராய்ந்து உள்ளங்கைப் பக்கம் தேய்ந்தாலோ நனைந்தாலோ, கையுறையைத் திருப்பிப் போட்டு மறுபெருவிரலைப் பயன்படுத்தலாம். பயன்படாத பெருவிரல் புறங்கையில் வெறுமையாகத் தொங்கும். பார்ப்பவனுக்குச் சிரிப்பு வரும். ஆனால் ஒரு கையுறைக்கு இரண்டு ஆயுள் வேண்டும் எனக் கணக்கிட்ட வறுமையின் நுண்ணறிவு அது.

வறுமை பற்றிப் பேசும்போது, இவ்வுடைகளை வாங்கியது யார் என்ற வினாவைத் தவிர்க்கவியலாது. தெரிவு என்னும் சொல் கையிற் காசுள்ளவனுக்கே முழுமையாகப் பொருந்தும். ஹல் நகரத்து ஆழ்கடல் மீனவன் மேலாடை, சப்பாத்து, கையுறை, கத்தி, படுக்கை ஆகிய யாவற்றையும் தன் செலவிலேயே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. கப்பல் முதலாளியின் களஞ்சியத்திற் கடனாகப் பெற்று, உழைப்பிற் கழித்துக்கொள்வதும் வழக்கம். முதற்பயணம் செல்லும் இளைஞன் மீனைக் காணுமுன்பே கடன்காரனானான். கப்பலை வாங்கியவர், அதனை இயக்கும் உடலுக்குரிய உறையை மட்டும் அவ்வுடலுக்குரியவனின் சொந்த விவகாரமாகக் கருதியது விந்தையே.

அக்குளிர்காலத்தில் ஒரு மாதத்துக்குள் 'சென் றொமானஸ்', 'கிங்ஸ்டன் பெரிடொட்', 'றொஸ் கிளீவ்லண்ட்' ஆகிய மூன்று ஹல் கப்பல்கள் அழிந்து 58 பேர் மாண்டனர். முதற்கப்பலில் வானொலி இயக்குநரே இருக்கவில்லை. மீன் பதனிடும் ஆலையில் வேலை செய்த லிலியன் பிலோக்கா என்பவரின் தலைமையில், தலையிற் சதுரத்துணி கட்டிய மீனவப் பெண்கள் 10,000 கையொப்பங்களைத் திரட்டி இலண்டன் சென்று அமைச்சரைக் கண்டனர். ஒவ்வொரு கப்பலிலும் வானொலி இயக்குநர் வேண்டும். மருத்துவ வசதியுடைய தாய்க்கப்பல் வேண்டும். இளைஞருக்குப் பயிற்சி வேண்டும் என்றனர். பனியாற் கவிழும் கப்பலை எந்த மேலாடையும் நிமிர்த்தாது என்பதை, வாழ்நாளெல்லாம் மேலாடையின் உட்சட்டை பின்னிய அவர்களைவிட நன்கறிந்தோர் யார்? அவர்களது கோரிக்கைகள் விரைவில் ஏற்கப்பட்டன. பிலோக்காவோ வேலையை இழந்தார்.

எடத்தின் மிதவை ஈற்றில் ஆளற்ற கரையொன்றில் ஒதுங்கியது. அவர் நடந்து சென்று ஒரு வீட்டைக் கண்டார். அது பூட்டிக் கிடந்தது. ஹல் நகரிலே அப்போது கப்பலில் இருந்த அனைவரும் இறந்தனர் என்றே கொள்ளப்பட்டிருந்தது. அவர் அவ்வீட்டின் சுவரோரம் காற்றுக்கு மறைவாக, விழுந்து உறங்கிவிடாமல், இரவு முழுவதும் நின்றார். காலையில் ஆடு பார்க்க வந்த சிறுவன் ஒருவன் அவரைக் கண்டு அழைத்துச் சென்றான்.