பரமட்டா: பசி போட்ட அஸ்திவாரம்

சிட்னித் தமிழர்களுக்குப் பரமட்டா நன்கு பழகிய ஊர். மேஸ் ஹில் முருகன் கோயிலுக்கு வருகிறவர்கள் அருகிலிருக்கும் பரமட்டா பூங்காவையும் அறிவார்கள். அந்தப் பூங்கா ஒரு காலத்தில் ஆளுநரின் நிலமாக இருந்தது. ஆஸ்திரேலியாவின் முதல் ஆங்கிலேயக் குடியிருப்பு சோற்றுக்கு வழி தேடியதும் இந்த மண்ணில்தான்.

1788 ஜனவரி 26 அன்று ஆளுநர் ஆர்தர் பிலிப் எழுநூறுக்கும் மேற்பட்ட கைதிகளோடு சிட்னி கோவ் கரையில் இறங்கினார். மன்னிப்பதும் நிலம் கொடுப்பதும் அவர் கையில் இருந்தன; கேள்வி கேட்க ஓர் ஆலோசனை சபைகூடக் கிடையாது. ஆனால் அந்த மணற்பாங்கான நிலத்தில் விதைத்தது விளையவில்லை. உழவு தெரிந்த கைதிகளும் மிகக் குறைவு. பிலிப் கடற்படைக்காரர்தான் என்றாலும் இங்கிலாந்தில் சொந்தப் பண்ணை வைத்திருந்தவர். மண்ணைப் பார்த்தால் தெரியும். அதே ஆண்டு நவம்பரில் பரமட்டா ஆற்றின் உப்புநீர் முடிந்து நன்னீர் தொடங்கும் இடத்துக்குக் கைதிகளை அனுப்பிப் பண்ணை தொடங்கினார். ரோஸ் ஹில் என்று பெயரிட்டார். 1791இல் அது பரமட்டா ஆயிற்று.

பிலிப்பின் பெருமை இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது: அளந்து கொடுத்த உணவில் கைதிக்கும் காவல் வீரனுக்கும் ஒரே பங்கு. ராணுவ அதிகாரிகள் முகம் சுளித்தார்கள். அவர் அசையவில்லை. 1789 மார்ச்சில் களஞ்சியத்தில் திருடியதற்காக ஆறு வீரர்கள் தூக்கிலிடப்பட்டனர். மறு ஆண்டு உணவு கொண்டுவர வேண்டிய சிரியஸ் கப்பல் நார்ஃபோக் தீவில் உடைந்தபோது, தன் சொந்தக் கோதுமை மாவையும் பொதுக் களஞ்சியத்தில் சேர்த்தார். பசித்த ஊரில் ஆட்சி என்பது படியளப்பதுதான். அதை அவர் நேர்மையாகச் செய்தார்.

ஜேம்ஸ் ரூஸ் என்ற கைதிக்குச் சிறிது நிலமும் ஒரு குடிசையும் விதையும் கொடுத்து, தன் உழைப்பில் வாழ முடிகிறதா என்று பார்த்தார். 1791 தொடக்கத்தில், அரசு தரும் உணவு இனித் தனக்கு வேண்டாம் என்றார் ரூஸ். பரிசாக 30 ஏக்கர் கிடைத்தது. அந்த நிலத்தில் பிற்காலத்தில் எழுந்த வீடு எக்ஸ்பெரிமென்ட் ஃபார்ம் என்ற பெயரில் இன்றும் நிற்கிறது. இன்றைய ஜார்ஜ் தெருவும் பிலிப் போட்டதே. 1790இல் ஒரு மைல் நீளமும் 205 அடி அகலமுமாகத் திட்டமிட்டு, இருபுறமும் கைதிகளுக்குக் குடிசைகள் கட்டினார். தெருவின் மேற்கு முனையில், குன்றின்மேல், அவருடைய சிறு வீடு. அதே குன்றில் 1799இல் ஆளுநர் ஹன்டர் கட்டிய மாளிகையைத்தான் இப்போது பார்க்கிறோம்.

ஆனால் இந்த ஆற்றங்கரை வெறும் நிலம் அல்ல. விலாங்கு மீன் பிடித்து வாழ்ந்த புர்ரமட்டகல் மக்களின் வீடு அது. திருடர்களுக்கு நிலம் அளந்து கொடுத்தவர், நிலத்துக்கு உரியவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1790 செப்டம்பரில் மேன்லிக் கடற்கரையில் தன் தோளில் ஈட்டி பாய்ந்தபோது பழிவாங்க வேண்டாம் என்று தடுத்தவரும் இதே பிலிப்தான். அதே ஆண்டு டிசம்பரில், தன் வேட்டைக்காரரைப் பெமுல்வுய் என்ற பூர்வகுடி வீரர் ஈட்டியால் தாக்கியதும் அவர் மனம் மாறியது. பூர்வகுடியினர் பத்துப் பேரின் தலைகளைக் கொண்டுவரச் சொன்னார்; பிறகு அதை ஆறாகக் குறைத்தார். போன படை வெறுங்கையோடு திரும்பியது. அதனால் அந்த ஆணையின் கொடுமை குறைந்துவிடாது. பிலிப்பைப் புகழும் எந்தப் புத்தகமும் இதைத் தாண்டிப் போகக் கூடாது.

1792 டிசம்பரில் பிலிப் கப்பலேறினார். பெமுல்வுய் போரை விடவில்லை. 1797இல் தன் வீரர்களோடு பரமட்டாவுக்குள்ளேயே வந்தார். குண்டடி பட்டு இங்குள்ள மருத்துவமனையில் கிடத்தப்பட்டு, அங்கிருந்தும் தப்பினார். 1802இல் சுட்டுக் கொல்லப்படும் வரை ஆங்கிலேயருக்கு அடங்கவில்லை. பரமட்டாவுக்கு மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் இப்போது அவர் பெயரிலேயே ஒரு குடியிருப்பு இருக்கிறது.