கல்லைக் கழுவுகிறவர்கள்

மீமிசலை அடுத்த அந்த இறால் பண்ணைக்குள் நுழைந்ததும் காதில் விழுந்த முதல் வார்த்தை: “அந்த வாளியில கை வெச்சிராதீங்க சார், ஆசிட்டு.”

தகரக் கொட்டகைக்கு முன்னால் வரிசையாகப் பிளாஸ்டிக் வாளிகள். முதல் வாளியில் விரல் நீளக் கற்கள் ஊறிக்கிடந்தன. மேலே படிந்திருந்த சுண்ணாம்பு கரையக் கரைய நுரை பொங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்த்தவர்களுக்கு இந்தக் கல் பழக்கம்தான். மணலையோ பீங்கான் துகளையோ ஒட்டி இறுக்கிய, உடம்பெல்லாம் நுண்துளை கொண்ட உருளை. ஒரு முனையில் காற்றுக்குழாய் மாட்ட ஒரு மூக்கு. கடையில் ‘ஏர் ஸ்டோன்’ என்று கேட்டால் தருவார்கள். பண்ணையில் வெறும் ‘கல்லு’.

கட்டுமாவடியிலிருந்து மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே வந்தால் புதுக்கோட்டை மாவட்டத்துக் கடற்கரை மீமிசலோடு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. சாலையிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இறால் பண்ணை என்றால் குளத்தில் சுழலும் பேடில் வீல்தான். நான் பார்க்கப் போனது அதற்கு முந்தின கட்டத்தை. குஞ்சு பொரிப்பகத்திலிருந்து வரும் ‘சீடு’ கண்ணிமை மயிரளவுதான் இருக்கும். அதை நேராகக் குளத்தில் கொட்டாமல் சில வாரம் நர்சரித் தொட்டியில் வைத்துத் தேற்றுகிறார்கள். அங்கே மூச்சு முழுக்கக் கல் வழியாகத்தான்.

சீடு வரும் வழியே மூச்சைக் காப்பாற்றும் ஏற்பாடுதான். 2009-ல் வெனாமி இறாலை இந்தியாவில் வளர்க்க அனுமதி கிடைத்ததிலிருந்து, தாய் இறால் வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்து, சென்னை நீலாங்கரையிலுள்ள தனிமைப்படுத்தல் நிலையத்தில் நோய்ச் சோதனை முடிந்து, பிறகே பொரிப்பகங்களுக்குப் போகிறது. அங்கே வளர்ந்த சீடு பாலித்தீன் பையில் குளிரவைத்த நீரோடு பண்ணைக்குப் பயணப்படும். பையில் ஒரு பங்கு தண்ணீர் என்றால் இரண்டு பங்கு சிலிண்டர் ஆக்சிஜன். பையை அவிழ்த்துத் தொட்டியில் விட்ட பிறகு சிலிண்டர் இல்லை; காற்றை ஊதித் தள்ளும் ப்ளோயரும் கல்லும்தான்.

சூடான உப்புநீரில் ஆக்சிஜன் அதிகம் தங்காது. 30 டிகிரி வெப்பத்தில் கடல்நீர் லிட்டருக்கு 6 மில்லிகிராமுக்குச் சற்று மேல்தான் பிடித்துவைக்கும். 4-க்குக் கீழே போனால் இறால் சோர்ந்து தீனி எடுக்காது. 2-க்குக் கீழே உயிருக்கே ஆபத்து. இடைவெளி அவ்வளவுதான். குமிழி சிறுக்கச் சிறுக்க வேலை கூடும்: 4 மில்லிமீட்டர் குமிழி ஒன்றில் அடங்கிய காற்றை 1 மில்லிமீட்டர் குமிழிகளாக்கினால் 64 கிடைக்கும், நீரைத் தொடும் பரப்பு நாலு மடங்காகும். சின்னக் குமிழி மெதுவாக மேலேறுவதால் தண்ணீருக்குள் கூடுதல் நேரமும் இருக்கும்.

அப்படியானால் கிடைப்பதிலேயே நுண்ணிய கல்லை வாங்கிப் போட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன். கற்களைக் கவனித்துக்கொள்பவர் சிரித்தார். மரக்காணம் பக்கப் பொரிப்பகங்களில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். பண்ணையில் எல்லோருக்கும் அண்ணன். புதுக் கல் ஒன்றைக் குழாயில் செருகி என்னிடம் நீட்டினார். “ஊதிப் பாருங்க.” ஊதினேன். கன்னம்தான் உப்பியது. “நம்ம ப்ளோயருக்கும் இதே கதிதான் சார். இது சிலிண்டருக்கு உள்ள கல்லு.”

விஷயம் முழுக்க இதில் இருக்கிறது. ஒரு மீட்டர் ஆழத்து நீரை விலக்கிக் காற்று வெளியே வரவே சதுர சென்டிமீட்டருக்கு 100 கிராம் அழுத்தம் செலவாகிறது. ப்ளோயர் நிறையக் காற்று தரும், அழுத்தம் தராது. மிச்சமிருக்கும் கொஞ்ச அழுத்தத்துக்குள் கல்லின் துளை அடங்க வேண்டும். நுண்ணிய கல்லைப் போட்டால் காற்று சுலபமான வழி தேடிப் பக்கத்துத் தொட்டிக்குப் போய்விடும். போக வழியில்லாவிட்டால் ப்ளோயர் சூடேறும். நயமான கல் என்று தனியாக ஒன்று கிடையாது. இந்த ப்ளோயருக்கு, இந்த ஆழத்துக்கு எது நயம் என்பதே கேள்வி. விலைப்பட்டியலில் ‘நுண்ணிய’ என்ற சொல்லுக்குக் காசு கூட்டி விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

இதே கணக்கைப் பீர் காய்ச்சுகிறவர்களும் போடுகிறார்கள். கொதிக்கவைத்த மால்ட் சாற்றில் ஆக்சிஜன் அநேகமாக மிச்சமிருக்காது. ஈஸ்ட் பெருகத் தன் செல்சவ்வைக் கட்டிக்கொள்ள ஆரம்பத்தில் ஆக்சிஜன் வேண்டும். அதனால் ஆறிய சாற்றில் துருப்பிடிக்காத எஃகுத் துகளால் செய்த கல்லைப் போட்டு லிட்டருக்கு 8 முதல் 10 மில்லிகிராம் வரை ஏற்றுவார்கள். அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் சிலிண்டருக்கு அரை மைக்ரான் கல்லையும், சின்னக் காற்றுப் பம்புக்கு 2 மைக்ரான் கல்லையும் தேர்ந்தெடுப்பது வழக்கம். நம்மூரில் மதுவிலக்குச் சட்டம் வீட்டுப் பீருக்கு இடம் தராது. ஆனால் அண்ணன் சொன்னதும் அவர்கள் செய்வதும் ஒன்றே.

கல் வாங்கும்போது அவர் பார்ப்பவை எளிய சங்கதிகள். உள்ளங்கையில் தேய்ப்பார், மணல் உதிர்ந்தால் வேண்டாம். கனம் பார்ப்பார், கனமில்லாத கல் அடியில் நிற்காமல் காற்றின் வேகத்தில் துள்ளும். பிறகு ஒரு வாளித் தண்ணீரில் போட்டு வால்வைத் திறப்பார். உடம்பு முழுக்கப் பூத்தது போலக் குமிழி வர வேண்டும். மூக்கு ஒட்டிய இடத்தில் மட்டும் பெரிய குமிழியாகக் கொப்பளித்தால் பசை சரியில்லை; அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார்.

கல்லே ஆகாத இடமும் உண்டு. இறால் குஞ்சுக்குத் தீனியாக ஆர்ட்டீமியா முட்டை பொரிக்கும் கூம்புத் தொட்டியில் வெறுங்குழாயைத்தான் அடியில் விடுவார்களாம். பொடிக்குமிழி வந்தால் நுரை கட்டும். நுரையோடு முட்டையும் மேலேறிச் சுவரில் ஒட்டிக் காய்ந்துவிடும். “அங்க பெரிய குமிழிதான் நல்ல குமிழி” என்றார்.

வாங்குவது ஒரு நாள் வேலை, கழுவுவதுதான் பாடு. கல்லை அடைப்பவை இரண்டு. ஒன்று, கடினநீரின் சுண்ணாம்பு. மற்றது, தீனிச் சிதறலிலும் கழிவிலும் வளர்ந்து வழவழவென்று படரும் பாக்டீரியாப் படலம். இரண்டாவதைக் கண்டுதான் எல்லோருக்கும் பயம். இறாலுக்கு நோய் தரும் விப்ரியோ என்ற பாக்டீரியா அதில் குடியிருக்கும். விப்ரியோவில் சில வகை இருட்டில் ஒளிரும். நள்ளிரவில் தொட்டி மின்னுவதைப் பார்த்தவர்கள் அதை அழகு என்று சொல்ல மாட்டார்கள்.

ஒரு மந்தை குளத்துக்குப் போனதும் கற்கள் எல்லாம் கழற்றப்படும். முதலில் பிரஷ், நல்ல தண்ணீர். அடுத்து குளோரின் கரைசலில் ஊறல். அதை முழுக்க அலசி வெயிலில் உலர்த்திய பிறகே நீர்த்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட். மறுபடி அலசல், மறுபடி வெயில். நடுவில் அலசலை ஒப்புக்குச் செய்தால் ஆசிட்டும் குளோரினும் சேர்ந்து விஷவாயு கிளம்பும். அதனால்தான் இரண்டு வாளிகளும் கொட்டகையின் இரு கோடியில் இருந்தன. கழுவிக்கொண்டிருந்த இரண்டு பெண்களில் ஒருவருக்குத்தான் முழங்கை வரை கையுறை இருந்தது. இன்னொரு ஜோடி கிழிந்துவிட்டதாம். ப்ளோயருக்கு உதிரிபாகம் உடனே வருகிறது. கையுறைக்குச் சொல்லியிருக்கிறது என்றார்கள்.

தொட்டியில் கல் இருக்கும்போது ஒரே கட்டளை: காற்றை நிறுத்தாதே. நிறுத்தினால் தண்ணீர் துளைக்குள் ஏறும். கூடவே அழுக்கும் ஏறும். பிறகு எவ்வளவு ஊதினாலும் பழைய குமிழி வராது. கல்லை வெளியே எடுப்பதானாலும் காற்று ஓடும்போதே எடுக்க வேண்டும். மின்சாரம் போனால் ஜெனரேட்டர் பிடிக்கும் வரை எல்லோரும் ஓட்டம். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரையேறிய பிறகு இந்தப் பக்கம் கம்பங்கள் சாய்ந்து கிடந்த நாட்களைப் பற்றி அண்ணனிடம் கேட்டேன். “டீசல் கெடச்சவனுக்கு இறால் இருந்துச்சு” என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

இந்தத் தொழில் மீது எனக்கு முழு நிம்மதி கிடையாது. காந்தியவாதி ஜெகந்நாதன் இறால் பண்ணைகளை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும், அதற்குப் பின்னால் இருந்த நாகைப் பக்கத்து நிலத்தடி நீரின் உப்பும் மறக்கக்கூடியவை அல்ல. 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம் வந்து பதிவும் விதிகளும் வந்திருக்கின்றன. அந்த வாளிகளின் கழிவுநீர் எங்கே போகிறது என்று கேட்டேன். வடிகட்டிக் குட்டையைக் காட்டினார்கள்.

முதலாளிக்கு இப்போது வேறு யோசனை. கல்லை ஒழித்துவிட்டு, நுண்துளை ரப்பர் குழாயை வளையமாகச் சுற்றித் தொட்டியடியில் போட்டுவிடலாம். கழுவும் கூலி மிச்சம் என்கிறார். அண்ணனுக்கு அதில் சம்மதமில்லை. ஒரு கல் அடைத்தால் அந்த ஒரு கல்லை மாற்றலாம், பக்கத்துக் கல் அதுவரை தாங்கும். வளையம் அடைத்தால் சீடு இருக்கும்போதே தொட்டியைக் கலக்கி எடுக்க வேண்டும் என்பது அவர் கட்சி. கடைசியில் பாதிப் பாதி என்று முடிவாகியிருக்கிறது. அடுத்த சீடுக்கு இரண்டு தொட்டியில் குழாய், மற்ற இரண்டில் கல், நீரில் கரைந்த ஆக்சிஜனைக் காட்டும் டி.ஓ. மீட்டர் அளவை விடியற்காலை நாலு மணிக்கு நாலு தொட்டியிலும் எடுத்து நோட்டில் எழுத வேண்டும். நோட்டு அவரிடமே இருக்கும் என்பதை மட்டும் முதலாளியிடம் முன்கூட்டியே பேசி வாங்கிவிட்டார்.